வலப்பக்கத்துக் கப்பு

இரண்டு முட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று லேசாகத் தட்டினால் நல்ல முட்டை கணீரென்று சொல்லும். கீறல் விழுந்தது ஓட்டைப் பானை மாதிரி மந்தமாகச் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத கீறலும் காதுக்குத் தெரிந்துவிடும். கோழிப்பண்ணையின் முட்டை ரூமில் எனக்கு அந்த வேலைதான். காலையில் லாரி வந்து நிற்பதற்குள் அட்டை அட்டையாகத் தட்டிப் பார்த்து, கீறல் முட்டைகளைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். "அம்மிணி காதுக்குத் தப்பி ஒரு ஓட்டை முட்டை வெளிய போகாதுங்க" என்று பண்ணைக்காரர் லாரிக்காரர்களிடம் சொல்வார்.

அந்தக் காது பயத்தில் வந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்கு முன்பும் பின்பும் எதையாவது நினைத்துக் கலங்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். கிணற்று மோட்டார் சத்தம் ஏன் இழுக்கிறது, நாய் ஏன் இன்றைக்கு வேறு மாதிரி குரைக்கிறது, கேஸை மூடினேனா இல்லையா. வீட்டில் எல்லாரும் சிரிக்கிற இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுத்த ஒரே இடம் அந்த முட்டை ரூம். கோழி எச்சத்தை வழிக்கிற வேலையில் சேர்ந்து, கொட்டகையில் முட்டை பொறுக்குகிற வேலைக்கு ஏறி, அங்கிருந்து முட்டை ரூமுக்கு வந்திருந்தேன். ஃபேன் இருக்கும், உட்கார முக்காலி இருக்கும். அதை விட்டால் எனக்கு வேறு இடம் இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அங்கே போவதற்கு ஒரே வழி சைக்கிள். திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், பஸ் ரோட்டை விட்டு வெகுதூரம் காட்டுக்குள் தள்ளி இருக்கிறது பண்ணை. பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாத பஸ் எங்கள் ஊருக்கும் வருகிறது. ஆனால் அது வந்து என்னை முக்கில் இறக்கிவிடும்போது லாரியில் முட்டை பாதி ஏறியிருக்கும். ஸ்கூட்டி ஓட்டிப் பார்த்தேன். பயத்தில் விட்டுவிட்டேன். சைக்கிள்கூட எனக்காக வாங்கியதில்லை. பதினொன்றாவது படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற சைக்கிள் அது. பதினொன்றாவது வரைக்கும் போனது என் நாத்தனார். அவள் கல்யாணமாகிப் போனபிறகு ஆட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடந்ததைத் துடைத்து நான் எடுத்துக்கொண்டேன். நான் எட்டாத வகுப்பின் சைக்கிளில்தான் இத்தனை காலம் வேலைக்குப் போனேன்.

ஒருநாள் அதில் சத்தம் வந்தது. இடது காலை அழுத்தும்போதெல்லாம் அடியில் 'கடக்' என்றது. இரண்டு பக்கத்துப் பெடல்களும் வந்து சேருகிற இடத்தில், பிரேமின் அடியில், கைப்பிடி அளவில் ஒரு குழாய் உண்டு. அதன் இரண்டு முனையிலும் உள்பக்கம் திருகுப் பள்ளமாக மரை வெட்டியிருக்கும். மரைக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் கப்புகள் திருகியிருக்கும். கப்புக்குள்ளே சின்னச் சின்ன இரும்புக் கோலி. கோலி தேய்ந்தால் இப்படித்தான் சத்தம் வரும். முன்னே ஒருமுறை சைக்கிள் கடைக்காரர் மாற்றிக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இடப்பக்கத்துக் கப்பை மட்டும் கழற்றி, அந்த வழியாகவே எல்லாவற்றையும் எடுத்து, கிரீஸ் வைத்து மூடிவிட்டார். வலப்பக்கத்துக் கப்பை அவர் தொடவே இல்லை.

அப்போது மழைக்காலம். என் வீட்டுக்காரர் ரிக் வண்டிக்காரர். போர்வெல் போடுகிற வண்டியோடு வடக்கே போனால் சத்தீஸ்கர், ஒடிசா என்று மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பார். மழை பிடித்தால் வேலை நிற்கும், வண்டியோடு ஊருக்கு வருவார். வந்த புதிதில் தூங்குவார். பிறகு கை சும்மா இருக்காது. ஓடுகிற ஃபேனைக் கழற்றுவார், ஒழுகாத குழாய்க்கு வாஷர் மாற்றுவார். அவர் வருகிற நாள் நெருங்கினால் நான் மிக்ஸியை அலமாரிக்குள் வைத்துவிடுவேன். என் கெட்ட நேரம், சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோகிறேன் என்று அவர் காதுபடச் சொல்லிவிட்டேன்.

"ஏன் புள்ள, ரிக்குக்காரன் ஊட்டுச் சைக்கிளு ரிப்பேர் கடைக்குப் போவுமா? ஊரு சிரிக்காது?"

"கோலி மாத்தறது ஒண்ணுதானுங்க. இந்தப் பக்கத்தைக் கழட்டினாப் போதுமுங்க."

"அந்தப் பக்கம்?"

"அதைக் கடைக்காரரு தொடவே மாட்டாருங்க."

"தொடத் தெம்பில்லேன்னு சொல்லு."

அவரோடு வேலை செய்கிற ஒருத்தர் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஆயிரம் அடி ராடைக் கழட்டற கை மச்சான் இது. சைக்கிளெல்லாம் பல்லுக்குச்சி" என்றார். அதுதான் கெடுத்தது. வண்டியிலிருந்து பைப் ரேஞ்ச் வந்தது, நான் தூக்கினால் தோள் இறங்கிவிடுகிற கனம். சைக்கிளைப் படுக்கப்போட்டு, பெடல் மாட்டியிருக்கிற கிராங்கைத் தட்டி எடுத்து, நேரே வலப்பக்கத்துக் கப்பில் ரேஞ்சின் பல்லை மாட்டினார். எல்லா மரையையும் திறக்கிற மாதிரி இடப்பக்கமாகத் தள்ளினார். அசையவில்லை. ரேஞ்சின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகினார். ராடு இறுகிவிட்டால் ரிக்கில் செய்வது அதுதான்: குழாயைச் சொருகு, ஆளைக் கூப்பிடு, ஏறி மிதி.

"மாமா, ஒரு நிமிசமுங்க. கடையில ஒருக்காக் கேட்டுட்டு..." என்றேன் அவரிடம்.

"இவ ஒருத்தி. தும்முனாலும் ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா."

மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டே, "உடு அம்மிணி. பிராந்திக் கடைக்குப் போயிக் குடிக்கறதுக்கு இது தேவலாம்" என்றார்.

கூட்டாளி பிரேமைப் பிடித்துக்கொள்ள, இவர் குழாயின் நுனியில் முழு உடம்பையும் போட்டார். உள்ளே ஏதோ நொறுங்கியது. கீறல் முட்டையின் சத்தம் எனக்குத் தெரியும். இரும்பிலும் அதே மந்தம். கப்பு சர்ரென்று சுற்றியது.

"வந்துருச்சு பாத்தியா!" என்று சிரித்தார்.

கப்பைச் சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. அதோடு ஸ்பிரிங் போலச் சுருள் சுருளாகப் பளபளவென்று ஒரு கம்பி வந்து விழுந்தது. பிரேமின் மரைதான் அது. குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். பாட்டில் வாய் மாதிரி வழவழவென்று இருந்தது.

கடைக்குப் போனது நான்தான். அவருக்குத் திடீரென்று வெளியே வேலை வந்துவிட்டது. கடைக்காரர் பிரேமைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"யாருங்க இதைக் கழட்டினது?"

"தெரியலைங்க. இரவல் குடுத்திருந்தமுங்க."

"நல்ல ஆளுக்குக் குடுத்தீங்க போங்க. ஏனுங்க, வலப்பக்கம் லெப்ட் மரைங்க. தலைகீழாத் திருப்பினாத்தான் கழலும். திறக்கறேன் திறக்கறேன்னு இறுக்கியிருக்கறாரு அந்தப் புண்ணியவான். மரை பிச்சுக்கிட்டு வந்துருச்சு."

ஏன் அப்படித் தலைகீழாக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். எனக்குக் காரணம் தெரியாவிட்டால் தூக்கம் வராது. "சாதா மரையா இருந்தா, நீங்க மிதிக்க மிதிக்க அது தானாக் கழண்டுக்கும். லெப்ட் மரைன்னா மிதிக்க மிதிக்க இறுகும். அதுக்காகத்தானுங்க" என்றார். வேறு பிரேம் போடுங்கள் என்றுதான் முதலில் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரும்பு கடைகிற லேத் பட்டறையில் கொடுத்தால் குழாயைக் கடைந்து உள்ளே புஷ் என்று ஒரு இரும்பு வளையத்தை இறக்கி, பித்தளை வைத்து ஊதி ஒட்டி, அதில் புது மரை வெட்டலாம் என்றார். வாசலைத் தாண்டும்போது மறுபடி கூப்பிட்டார். "மறந்துராதீங்க. லெப்ட் மரைன்னு சொல்லிருங்க."

வழியெல்லாம் 'லெப்ட் மரை, லெப்ட் மரை' என்று மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டே போனேன். வீட்டில் அவரிடம் அப்படியே சொன்னேன். கடைக்காரர் புண்ணியவான் என்றதை மட்டும் விட்டுவிட்டேன். கொஞ்சநேரம் கழித்து அவர் வாசலுக்குப் போய், மண்ணில் கிடந்த அந்தச் சுருளை எடுத்தார். விரலில் சுற்றினார், திருப்பி இந்தப் பக்கமாகப் பார்த்தார், அந்தப் பக்கமாகப் பார்த்தார். ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. பிறகு அதை வேலிக்கு அப்பால் வீசிவிட்டார். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. இதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

மறுநாள் அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து, பிரேமை மடியில் குழந்தை மாதிரிக் கட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் போனேன். ரிக் ராடும் பாறை துளைக்கிற பிட்டும் கடைகிற பெரிய லேத் பட்டறை. அங்கே எல்லாரும் அவருக்குப் பழக்கம்.

"என்ன மாப்ளே, ரிக்க வித்துப்போட்டுச் சைக்கிள்ல போர் போடறயா?" என்றார் லேத்துக்காரர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. லேத்துக்காரர் பிரேமை வாங்கி, "வலப்பக்கம் லெப்டா, சாதாவா?" என்று கேட்டார்.

"லெப்ட் மரைங்க" என்றேன் நான்.

"சாதா மரைதான்" என்றார் அவர், அதே நேரத்தில்.

லேத்துக்காரர் இரண்டு பேரையும் பார்த்தார். "கடைக்காரரு லெப்ட்டுன்னு சொன்னாருங்க. மிதிக்க மிதிக்கக் கழண்டுக்கும்னு..." என்று இழுத்தேன்.

"எட்டாவது படிச்சவ ரிக்குக்காரனுக்கு மரை சொல்லித் தர்றா பாருங்கண்ணா" என்றார் என் வீட்டுக்காரர். மறுபடி சிரிப்பு. என் பக்கம் திரும்பி மெதுவான குரலில், "நீ போயி வெளிய நில்லு புள்ள" என்றார்.

"சாதான்னா எனக்கும் சுளுவு. மெஷினை மாத்திக் கட்ட வேண்டியதில்லை" என்று லேத்துக்காரர் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே இரும்பு சீவுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். லெப்ட் மரை என்று அங்கே அவர் வாயால் சொன்னால், முந்தின நாள் அவர் திருப்பியது தப்பு என்று ஆகிவிடும். சாதா மரையாகவே வெட்டிவிட்டால், அவர் திருப்பியதுதான் சரியான பக்கம். மனுசன் தன் தப்பைத் திருத்த மாட்டாமல் சைக்கிளைத் திருத்தினார். கடைந்த இரும்பில் அவர் செய்தது சரி என்று நிரந்தரமாக எழுதி வாங்கிக்கொண்டார்.

வலப்பக்கத்துக்குச் சாதா மரைக் கப்பு எந்தக் கடையிலும் கிடையாது. அதையும் லேத்திலேயே கடைந்து வாங்கினோம். இறுக்குவதற்கென்று தகட்டில் ஒரு ஸ்பேனரும் வெட்டித் தந்தார்கள். இந்த உலகத்தில் என் சைக்கிளுக்கு மட்டும் பொருந்துகிற கப்பு, அதற்கு மட்டும் பொருந்துகிற ஸ்பேனர். சாயங்காலம் பூட்டி, லுங்கியை மடித்துக் கட்டி, தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்தார். "கல்லாட்டம் இருக்குது பாரு. இனி உம்பட பேரன் காலத்துக்கும் ஓடும்" என்றார். மழை விட்டதும் வடக்கே கிளம்பிப் போனார்.

அவர் போன வாரமே ஆரம்பித்துவிட்டது. ஊரைத் தாண்டி ஏரிக்கரை ஏறும்போது பெடலில் ஒரு தள்ளாட்டம். இறங்கிப் பார்த்தால் கப்பு கொஞ்சம் வெளியே வந்திருக்கும். கடைக்காரர் சொன்னது எழுத்துப் பிசகாமல் நடந்தது. நான் முன்னால் போகப் போக அது கழன்றுகொண்டே வந்தது. சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அந்தத் தகட்டு ஸ்பேனரை வைத்துக்கொண்டேன். பாதி வழியில் ஒரு சின்னப் பாலம். அங்கே இறங்கி, குந்தி உட்கார்ந்து, இறுக்கிவிட்டுப் போவேன். அரிசி மில்லுக்குப் போகிற பெண்கள் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்துவார்கள். "என்னக்கா, தினமும் பாலத்துக்குப் பூசை போடறீங்களா?" நானும் சிரித்து வைப்பேன்.

கடையில் காட்டினேன். புஷ் ஒட்டிய இடத்தை மறுபடி கடைந்தால் குழாய் தகடாகிவிடும், தாங்காது என்று கைவிரித்துவிட்டார். போனில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பின்னால் ரிக் கம்ப்ரசர் கத்துகிற சத்தத்துக்கு மேலே அவரும் கத்தினார்.

"நீ மிதிக்கற மிதி அப்படி! மெதுவா மிதி!"

"மெதுவா மிதிச்சா நேரமாகுதுங்களே."

"அப்ப நேரத்துல கெளம்பு!"

நேரத்திலேயே கிளம்பினேன். இருட்டு பிரிவதற்கு முன்பே கிளம்பினேன். அப்படியும் சில நாள் பிந்தியது. பண்ணை வாசலில் கிருமிக்கான மருந்துத் தண்ணீர்ப் பள்ளத்தில் சக்கரத்தை உருட்டி நனைத்துக்கொண்டு உள்ளே போகும்போதே பண்ணைக்காரர் வாட்சைப் பார்ப்பது தெரியும். அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் சமயத்தில் ஒடிசாவிலிருந்து ஒரு புருசன் பெண்டாட்டி வேலைக்கு வந்து, பண்ணைக்குள்ளேயே லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அவர்களுக்குப் பஸ்ஸும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம், கதவைத் திறந்தால் வேலை. என் வீட்டுக்காரர் அவர்களுடைய நாட்டில் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் இங்கே என் முக்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முட்டை தட்டுவது எப்படி என்று அவள் கையால் ஜாடை காட்டிக் கேட்டபோது நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கும் நல்ல காது.

ஒருநாள் பாலத்துக்கு முன்பே கப்பு மொத்தமாகக் கழன்றுவிட்டது. பெடல் தொங்கியது, கோலிகள் ரோட்டில் சிதறி ஓடின. மண்ணில் மண்டிபோட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி டிபன் பாக்ஸ் மூடியில் போட்டேன். எல்லாம் கிடைத்ததா என்று தெரியவில்லை. விடவும் மனசு வரவில்லை. ஒன்று குறைந்தாலும் ஓடாதே என்று பயம். அங்கேயே நேரம் போனது. பிறகு தள்ளிக்கொண்டே நடந்தேன். எதிரே பண்ணை லாரி, முட்டையை ஏற்றிக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனது. டிரைவர் கையைக் காட்டினார். பழக்கத்தில் நானும் காட்டினேன்.

முட்டை ரூமில் அந்தப் பெண் என் முக்காலியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். பண்ணைக்காரர், "நீ உக்காரும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"அம்மிணி, உன்ற வேலையில குறையே சொல்ல மாட்டேன். ஆனா கோழி உனக்காக நேரம் பார்த்து முட்டை போடுமா?"

"சைக்கிள்தானுங்க..."

"உம்பட ஊட்டுக்காரரு பூமியிலயே ஆயிரம் அடிக்கு ஓட்டை போடறாரு. ஒரு சைக்கிள் ஓட்டையை அடைக்க முடியலியா?" சிரிக்காமல்தான் கேட்டார். "நீ மத்தியானத்துக்கு மேல வா. கொட்டகை கூட்டறதுக்கு ஆள் வேணும். அதுக்கு முன்னப்பின்ன ஆனாலும் பரவாயில்லை."

நான் ஆரம்பித்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தேன். எச்சமும் தூசும் ஃபேன் இல்லாத வெக்கையும். அந்த வேலைக்குக் காது வேண்டாம், மூக்கும் இல்லாமல் இருந்தால் நல்லது. வீட்டுக்காரரிடம் நான் சொல்லவில்லை. மாமியார் போனில் சொல்லிவிட்டார். ஸ்பீக்கரில் அவர் பேசியது எனக்குக் கேட்டது. "நான் அப்பவே பஸ்ல போகச் சொல்லியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். நான் பஸ்ஸிலேயே போயிருக்கலாம்தான், மத்தியானத்துக்குப் பஸ் இருக்கிறது. ஆனால் சைக்கிளை விடவில்லை. காலை வேலையில் அதே சைக்கிள் என்னை ஏமாற்றிய நாட்களில் ஏறாத பஸ்ஸில் இப்போது ஏறினால், எல்லாம் அவர் சொன்னபடி ஆகிவிடும். அதற்கு என் மனசு இடம் கொடுக்கவில்லை.

அடுத்த மழைக்கு அவர் வந்தார். ஒரு சாயங்காலம் பைக்கில் பெட்ரோல் இல்லையென்று என் சைக்கிளை எடுத்துக்கொண்டு முக்குக் கடைக்குப் போனார். நான் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். போகும்போது மிதித்துக்கொண்டு போனவர், வரும்போது தள்ளிக்கொண்டு வந்தார். செயின் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. சுவரில் சாய்த்தார், கையைக் கழுவினார், சோறு கேட்டார். நான் போட்டேன். மாமியார், "ஏன் சாமி, சைக்கிளைத் தள்ளீட்டு வாரே?" என்றதற்கு, "காத்து இல்லே" என்றார். இரண்டு டயரிலும் காற்று கல்லாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் நான் கிளம்பும்போது சாப்பாட்டுப் பையில் ஸ்பேனரைக் காணவில்லை. பதறிப்போய்த் தேடினால், சீட்டுக்கு அடியில் பிரேமோடு சேர்த்து அதைக் கம்பியால் கட்டிவைத்திருந்தார். தொலையக் கூடாது என்றுதான் கட்டியிருப்பார். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிறவர்களின் மூச்சு இல்லை அது. நான் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளை வெளியே தள்ளினேன். அவர் திரும்பவில்லை.

அன்றைக்கும் பாலத்தருகே தள்ளாட்டம் வந்தது. இறங்கி ஸ்பேனரை எடுக்கப் பார்த்தேன். கம்பியை ரிக்கில் முறுக்குகிற மாதிரி, ஆயிரம் அடிக்கும் அவிழாத முறுக்கு முறுக்கியிருந்தார். நகம் உடைந்ததுதான் மிச்சம். கட்டிங் பிளேயர் இல்லாமல் அது வராது. வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பண்ணைக்கு நடந்தேன்.